பேட்டரி விளக்கு எரிந்தால்: கேள்வி பதில்

முதலில் ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரிகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரிக்கு வரவேண்டிய கரண்ட் சரியாக வரவில்லை என்றுதான் வண்டி சொல்கிறது. படத்தை வரைந்தவர் பாதிப் பேரைப் பேட்டரி கடைக்கு அனுப்பிவிட்டார்! இனி கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: புது பேட்டரி போட்டு மூன்றே நாள். ஓடும்போது விளக்கு மங்கலாக எரிகிறது. பேட்டரி டூப்ளிகேட்டா அண்ணே?

பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, இன்ஜின் ஓடாதபோது பேட்டரி முனைகளில் 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு ஸ்டார்ட் செய்து ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வரவில்லையா, அதே அளவை ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் பெல்ட்டால் சுற்றி கரண்ட் உற்பத்தி செய்யும் கருவி, பலர் டைனமோ என்பார்கள்) பின்னால் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும் எடுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

கேள்வி: நேற்று ஒரு மெக்கானிக் வண்டி ஓடும்போதே பேட்டரி மைனஸைக் கழற்றினார். வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு என்றார். சரியா?

அவர் அதைக் கற்றுக்கொண்ட காலத்தில் வண்டியில் கம்ப்யூட்டர் இருந்திருக்காது. பேட்டரி, வோல்டேஜின் துள்ளலை உள்வாங்கும் மெத்தை மாதிரி. ஓட்டத்தில் அதைப் பிரித்தால் வோல்டேஜ் ஒரு நொடியில் எகிறும். இசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர், ஆல்டர்னேட்டர் டயோடு எது வேண்டுமானாலும் போகும். தயவுசெய்து மறுபடி செய்ய விடாதீர்கள்.

கேள்வி: விளக்கு எரிந்தபடியே எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

விளக்கு வந்ததும் வெப்பமானியைப் பாருங்கள். முள் ஏறுகிறதா, ஸ்டீயரிங் திடீரென்று கனக்கிறதா? அப்படியானால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "பக்கத்துல தான் வீடு" என்று ஓட்டினால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் சீல்) போகும்.

அது இல்லையென்றால் மிச்சமிருக்கும் பேட்டரிதான் உங்கள் எரிபொருள். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி, இரவில் ஹெட்லைட், ஃப்யூல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் பேட்டரி பாதி இறங்குவதற்குள்ளேயே வோல்டேஜ் தடுமாற ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. ஏசி, பாட்டு, கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். நடுவில் இன்ஜினை நிறுத்தாதீர்கள், திரும்ப செல்ஃப் அடிக்காமல் போகலாம்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்டவர்) பேட்டரியில் 12.3, ஆல்டர்னேட்டர் போல்ட்டில் 14.4 வருகிறது.

அருமை, கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆல்டர்னேட்டர் பாவம், உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கிறது. கரண்ட் வழியில் தொலைகிறது. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது, உங்களுக்கு 2.1 குறைகிறது. அந்த போல்ட்டின் நட்டு லூசாக இருக்கலாம், ஒயர் முனை கருகியிருக்கலாம், அல்லது நடுவில் உள்ள பெரிய ஃப்யூஸ். விளக்கு மங்கலாக எரிவதும் இதோடு பொருந்துகிறது. கைவைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். வண்டி அணைந்திருந்தாலும் அந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் உண்டு; ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

கேள்வி: மழையில் மட்டும் விளக்கு வந்து போகிறது. கூடவே கீச்சென்று சத்தம்.

பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள், ஆயில் கசிந்து பெல்ட்டில் படுகிறதா என்றும் பாருங்கள். சோப்பு தேய்ப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

கேள்வி: சாவி போட்டாலும் என் வண்டியில் அந்த விளக்கு எரிவதே இல்லை. நல்லதுதானே?

இல்லை. சாவி ஆன் நிலையில் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரையே எழுப்பிவிடும். பல்பு ஃப்யூஸ் போனால் சார்ஜும் ஏறாமல் போகலாம்.

கேள்வி: விளக்கு எரியவில்லை, ஓட்டத்தில் 14.2 வருகிறது. ஆனாலும் நான்கு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை.

சார்ஜிங் சரி. நிற்கும்போது எதுவோ கரண்ட் குடிக்கிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் தூங்கவிட்ட பிறகு, பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து அளக்கவேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் காலி, உங்கள் நான்கு நாள் கணக்கு சரியாக வந்துவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன். டிக்கி விளக்கை மறக்காதீர்கள். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: (மீண்டும் முதல் கேள்வி கேட்டவர்) முனை கருகித்தான் இருந்தது. சுரண்டி, நட்டை இறுக்கினேன், 14.2 வருகிறது. விளக்கு போயே போச்சு. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேனே!

கொடுத்ததை விடுங்கள். புதுசு மூன்று நாள் அரைப் பட்டினி கிடந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் நிறைந்துவிடாது. இன்று இரவே சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றுங்கள்.