கழுவும் முன் நிறுத்துங்கள்

கேள்வி: என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. ஆயில் மாற்றப் போன இடத்தில், "பழைய வண்டிக்கு இதை ஊற்றினால் புதிதுபோல் ஓடும்" என்று என்ஜின் ஃப்ளஷும் (உள்ளே படிந்த கசடைக் கழுவும் திரவம்) ஆயில் அடிட்டிவும் (ஆயிலில் கலக்கும் மருந்து) ஊற்றி, கூடுதலாக ரூ.2,800 வாங்கினார்கள். அவர்கள் சொல்லித்தான் இரண்டு ஆண்டுகளாக 95 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன். ஆயில் மாற்றிய 18-ஆம் நாள் நெடுஞ்சாலையில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. கேட்டதற்கு மேலாளர் சிரித்தார். இப்போது வேறொரு மெக்கானிக் என்ஜினைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பணிமனை, அடிட்டிவ் கம்பெனி, பெட்ரோல் பங்க் மூவர் மீதும் வழக்குப் போட்டு, மன உளைச்சலுக்கு ரூ.5 லட்சமும் கேட்கலாமா?

பதில்: மேலாளரின் சிரிப்பை விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: "மெக்கானிக் பிரித்துக்கொண்டிருக்கிறார்." உடனே அவருக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பெட்ரோல் பங்குக்கு இதில் வேலை இல்லை. 91 ஆக்டேனே போதும் என்கிற என்ஜினில் 95 போட்டால் லாபமும் இல்லை, என்ஜின் இறுகவும் செய்யாது. போனது உங்கள் காசு மட்டும். அடிட்டிவ் கம்பெனியும் வேண்டாம். சரக்கில் குறை என்றால் ஆய்வகத்துக்கு மாதிரி தர வேண்டும். ஊற்றிய டின் உங்களிடம் இருக்கிறதா? மூவரை இழுத்தால் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பணிமனையின் சேவைக் குறைபாடு, அவ்வளவுதான் உங்கள் வழக்கு.

அதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? பழைய என்ஜினில் படிந்த கசடை ஃப்ளஷ் பெயர்த்துவிடும். அது ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது, என்ஜின் இறுகும். நடக்கக்கூடியதுதான். ஆனால் ஆயில் குறைந்த நிலையில் ஓட்டினாலும், பம்ப் தேய்ந்திருந்தாலும் என்ஜின் இதேபோல்தான் இறுகும். எது நடந்தது என்பதை முக்கியமாகச் சொல்லக்கூடியவை சல்லடை, ஃபில்டர், அடியில் மிச்சமிருக்கும் ஆயில் ஆகிய மூன்றும். மெக்கானிக் அவற்றை டீசலில் கழுவிவிட்டால் உங்கள் வழக்கையும் சேர்த்துக் கழுவிவிட்டார்.

என்னிடம் வந்த ஒருவர் பழைய பாகங்களை இரும்புக்கடையில் போட்டுவிட்டு, ரிப்பேர் பில்லை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தார். பில் செலவைக் காட்டும், காரணத்தைக் காட்டுமா? இன்னொருவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், அடைத்த சல்லடையைப் படமெடுத்து வைத்திருந்தார். "இது எந்த வண்டியின் சல்லடை?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. பதில் இல்லை. பிரிக்கும்போது பணிமனையை அவர் அழைக்கவே இல்லை.

ஆகவே, என்ஜினைத் திறக்க ஒரு தேதி குறித்து, அன்று வரச் சொல்லிப் பணிமனைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அன்று தனியார் ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவர் முன்னிலையில் திறந்து, அறிக்கை வாங்குங்கள். ஆயிலைப் புட்டியில் அடைத்து சீல் வையுங்கள்.

இன்னொரு சங்கடம், நீங்கள் இணைத்திருக்கும் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது பணிமனை எழுதும் வேலைச் சீட்டு. "ஆயில் குடிக்கிறது, புகை வருகிறது" என்று அதில் எழுதி, கீழே நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துவைக்கும் முதல் தாள் அதுதான். கடைசியாக எப்போது ஆயில் அளவு பார்த்தீர்கள் என்பதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்கிறேன். அறிக்கை சாதகமாக வந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள். ரிப்பேர் செலவில் பாதி தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வயது வண்டிக்கு யாரும் புது என்ஜின் வாங்கித் தரப்போவதில்லை. ரூ.5 லட்சக் கனவு வேண்டாம். அறிக்கை பாதகமாக வந்தால் அவர்கள் தருவதாகச் சொல்லும் முதல் தொகையே நல்ல தொகை.

பணம் கைக்கு வரும் முன் "முழுத் திருப்தி" என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு புகார் கொடுக்கத் தரும் கெடு இரண்டு ஆண்டுகள். "அடுத்த மாதம் பேசலாம்" என்று அவர்கள் இழுத்துக்கொண்டே போனாலும் அந்தக் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது.