‘வாய்மையே வெல்லும்’ என்பது திருக்குறளா?

இல்லை. தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருப்பதால் வள்ளுவர் சொன்னது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது முண்டக உபநிடதத்தில் வரும் ‘சத்யமேவ ஜயதே’ என்ற வாக்கின் தமிழ் வடிவம். இந்திய அரசின் சின்னத்திலும் அதுதான் இருக்கிறது. (சிங்கங்கள் சாரநாத் அசோகர் தூணிலிருந்து வந்தவை, வாசகம் அப்புறம் சேர்த்தது.)

சரி, வள்ளுவர் என்ன சொன்னார்? வாய்மைக்கென்று 30ஆவது அதிகாரமே இருக்கிறது, ஆனால் அதில் வெற்றி பற்றிப் பேச்சே இல்லை. யாருக்கும் தீமை தராத சொல்தான் வாய்மை என்கிறது 291ஆம் குறள். அடுத்த குறள் இன்னும் துணிச்சலானது: குற்றமற்ற நன்மை விளையும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்று ஒருவரைப் புண்படுத்துவதை அவர் வாய்மைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.