ஆடுதின்னாப்பாளை புகட்டிய ஆடு: நிறுத்தியும் ஏன் தேறவில்லை?

கேள்வி: குடியாத்தம் பக்கம் 12 வெள்ளாடுகள் வைத்திருக்கிறோம். குடற்புழுவுக்கு ஆடுதின்னாப்பாளை இலையை அரைத்து வாரம் ஒருமுறை, மூன்று மாதம் புகட்டினோம். இரண்டு ஆடுகள் மெலிந்துவிட்டன, நிறையத் தண்ணீர் குடிக்கின்றன, கண் வெளுத்திருக்கிறது. நிறுத்தி ஒரு மாதமாகியும் தேறவில்லை. மறுபடியும் புழுவா?

பதில்: புழுவாகவும் இருக்கலாம், புழுக்கையைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீர்த் தாகமும் சேர்ந்திருப்பதால் எனக்குச் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல்தான். கண் வெளுப்பைப் பார்த்து அதே இலையை இன்னொரு முறை புகட்டிவிடாதீர்கள்.

இந்தச் செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. ஈஸ்வரமூலியிலும் உண்டு. இது இரத்தம் வழியாகச் சிறுநீரக நுண்குழல்களின் செல்லுக்குள் புகுந்து, டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. முதல் அடி அது. இரண்டாவது அடி இரத்த ஓட்டத்தில் விழுகிறது. நுண்குழலைச் சுற்றியுள்ள தந்துகிகளை (மயிரிழை போன்ற இரத்த நாளங்களை) உயிரோடு வைத்திருக்கும் புரதத்தை அந்தச் செல்தான் சுரக்கிறது. அடிபட்ட செல் அதைக் குறைத்துவிடும். கூடவே நாளங்களைச் சுருக்கும் எண்டோதீலின் கூடும். தந்துகிகள் ஒவ்வொன்றாக மறைய, ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் நார்த்திசு படியும். அந்தத் தழும்பு மிச்சமிருக்கும் நாளங்களையும் நுண்குழலிலிருந்து விலக்கி வைக்கும். கடைமடை வாய்க்கால் தூர்ந்த கதைதான். மருந்தை நிறுத்தினாலும் இது தானாக நகர்வதற்குக் காரணம் இந்தச் சுழற்சி. இரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபொயட்டின் சுரப்பதும் அதே இடத்தில்தான் என்பதால், புழு இல்லாமலேயே கண் வெளுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலையில் படுத்திருக்கும் ஆட்டை எழுப்பியதும் சிறுநீர் விடும். சுத்தமான கரண்டியில் பிடித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை ஸ்ட்ரிப்பை நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தில் நிறம் பாருங்கள். ஆட்டுச் சிறுநீர் காரத்தன்மை உள்ளது, புரதக் கட்டம் பொய்யாக நிறம் மாறும். அதை நம்ப வேண்டாம். சர்க்கரைக் கட்டம் மாறி, இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தால் நுண்குழல் பழுது என்று கொள்ளலாம். (துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயிலும் சிறுநீரில் சர்க்கரை வரும், ஆனால் அந்த ஆடு ஒரு மாதம் தாங்காது.) இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவையும் பாருங்கள், ஆனால் சிறுநீரகத்தில் முக்கால் பங்கு போன பிறகே அது தெளிவாக ஏறும்.

தழும்பு மறையாது. மிச்சத்தைக் காப்பாற்ற, இரத்த ஓட்டம் மேலும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலூர் வெயிலில் மாலை வரை தண்ணீர் காட்டாமல் மேய்த்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் இன்னும் சுருங்கும். நிழலில் கட்டி, எந்நேரமும் தண்ணீர் வையுங்கள். மெலாக்சிகாம் போன்ற வலி ஊசி நாளத்தை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும். ஜென்டாமைசின் அதே செல்லைத் தாக்கும். ஊசி போடுமுன் இலை புகட்டியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடற்புழு மருந்தை எடை போட்டு அவரே தரட்டும்.

இறந்தால் சிறுநீரகத்தை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுருங்கி, வெளிறி, மேல்தோல் உரியாமல் ஒட்டியிருக்கும்.

பசித்த ஆடுகூட இதைத் தானாகக் கடிப்பது அபூர்வம். தீவனத்தோடு நறுக்கிப் போட்டால் உள்ளே போய்விடும். அதனால் சோளத்தட்டை அறுக்கும்போது தரையோடு படர்ந்த சாம்பல்பச்சை இலை, கருஊதாக் குழல்பூ தெரிந்தால் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். கீரைக்குப் பூச்சிவிரட்டியாகவும் தெளிக்க வேண்டாம். வீட்டில் யாரும் கஷாயமாகக் குடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்: பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரையில் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி கலந்து சிறுநீரகம் பழுதான பெண்களைப் பற்றி 1993-இலேயே எழுதப்பட்டது, பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது.