கேள்வி – பதில்: வெளியிலிருந்து வரும் மாடல்கள்

கேள்வி: கஞ்சிக்கோட்டில் சிறிய எந்திரப் பட்டறை நடத்துகிறேன். கோயம்புத்தூரிலுள்ள பம்பு நிறுவனம் ஒன்று, வார்ப்படங்களின் முப்பரிமாணக் கணினி மாடல்களை, பல வடிவமைப்பு மென்பொருள்களுக்கும் பொதுவான ஸ்டெப் கோப்பாக அனுப்புகிறது. எங்கள் மென்பொருளில் திறந்தால் ஃபீச்சர் (துளை, வெட்டு போன்று தனித்தனியே திருத்தக்கூடிய படி) ஒன்றும் இல்லாமல் ஒரே கட்டியாக நிற்கிறது. சில சமயம் ஒரு முகம் காணாமல் போய், உள்ளே கூடாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கட்டியாக வருவது பழுது அல்ல. ஐ.எஸ்.ஓ. 10303 என்ற தரத்தில் அமைந்த ஸ்டெப் கோப்பு வழக்கமாக வடிவத்தைத்தான் சுமந்து வருகிறது. அந்த வடிவம் எந்த ஸ்கெட்சில் தொடங்கி எந்த வரிசையில் வளர்ந்தது என்னும் விவரம் அனுப்பியவரின் கணினியிலேயே தங்கிவிடும். ஃபீச்சர்களைத் தானாகக் கண்டெடுக்கும் வசதி சில மென்பொருள்களில் இருந்தாலும், வளைவும் ஃபில்லெட்டும் (உருட்டிய மூலையும்) நிறைந்த பம்பு உடலில் அதை நம்பி அரை நாளைக் கழிப்பது வீண் என்பதே என் கருத்து. கடைய வேண்டிய முகங்களும் துளைகளும் மட்டுமே உங்கள் வேலை என்பதால், வந்த கட்டியைத் தொடாமல் வைத்து, அதன் நகலில் உங்கள் வெட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகம் காணாமல் போவது வேறு சங்கதி. இரு முகங்கள் சேரும் விளிம்பில் ஒரு மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் நுண்ணிய இடைவெளியை மற்றொன்று பொறுப்பதில்லை. தையல் விட்டுப்போய், திண்மமாக வரவேண்டியது வெறும் தோலாக வந்து நிற்கிறது. ஒன்றிரண்டு முகங்கள் என்றால், கெட்ட முகத்தை நீக்கிவிட்டுச் சுற்று விளிம்புகளைக் கொண்டு புதிதாக மூடித் தைத்துவிடலாம். பல முகங்கள் என்றால் வேறு வடிவில் கேட்டு வாங்குவதே மேல். சாலிட்ஒர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்.எக்ஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் பாராசாலிட் என்ற ஒரே கருவில் (வடிவக் கணக்கைச் செய்யும் உள்நிரலில்) இயங்குவதால், இரு தரப்பும் இவற்றுள் அடங்கினால் பாராசாலிட் கோப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. ஐஜஸ் என்னும் பழைய பரிமாற்றக் கோப்பு வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

திறந்தவுடன் தெரிந்த அளவு ஒன்றை அளந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். 6204 பேரிங் அமரும் துளையின் விட்டம் 47 மி.மீ. இருக்க வேண்டும், 1.85 என்று காட்டினால் அங்குலக் கணக்கு எங்கோ புகுந்துவிட்டது. வடிவத்தை முக்கோணங்களாக மட்டும் சேமிக்கும், அலகே இல்லாத எஸ்.டி.எல். கோப்புகளில் இது அடிக்கடி நேரும். அதோடு, அதே இடத்துக்கு வரைபடம் எச்7 என்ற அளவு விலக்கக் குறியிட்டு 0.025 மி.மீ. வரை கூடுதல் அனுமதித்திருந்தாலும், மாடலில் வெறும் 47 மட்டுமே தெரியும். எம்10 மரைத்துளையும் பெரும்பாலும் 8.5 மி.மீ. வழுவழுப்பான துளையாகத்தான் வரும். ஆகவே பி.டி.எஃப். வரைபடம் கையில் இல்லாமல் மாடலை மட்டும் நம்பி எந்திரத்தை ஓட்டாதீர்கள்.

ஸ்டெப் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடிலும் திறக்கும். எந்த மென்பொருளில், எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பது வழக்கமாக முதல் சில வரிகளிலேயே இருக்கும். “திருத்தியதைத்தான் அனுப்பினோம்” என்று வாடிக்கையாளர் சாதிக்கும்போது அந்தத் தேதி கைகொடுக்கும்.

கேள்வி: பல பாகங்களைச் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி கோப்பைத் திறந்தால் பாகங்கள் இல்லை என்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, வாளையார்

பதில்: மென்பொருளின் சொந்த அசெம்பிளிக் கோப்பில் பாகங்கள் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது, பாகங்கள் இல்லை. பாகக் கோப்புகளையும் சேர்த்து ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுடையது உங்களுடையதைவிடப் புதிய பதிப்பு என்றால் அதுவும் திறக்காது, ஒற்றை ஸ்டெப் கோப்பாகக் கேளுங்கள்.