ஆறு பேர் ஃபுட்பால்: மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கேள்வி: மேற்கு டெக்சஸில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான் நர்ஸ், கணவருக்குக் காற்றாலையில் வேலை. மகன் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான். எங்கள் ஊர் அரசு ஹைஸ்கூலில் நாலு வகுப்பும் சேர்த்தே எழுபது பிள்ளைகள்தான். ஆறு பேர் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் டீம் இருக்கிறது. பையன் நன்றாக ஓடுவான். நாற்பது நிமிட தூரத்தில் நகரத்தில் இருக்கும் ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளியின் கோச், "ஒன்பதாவதுக்கு எங்களிடம் அனுப்புங்கள்" என்கிறார். அங்கேயும் ஆறு பேர் டீம்தான். ஊரிலோ, "தனியார் பள்ளி என்றாலே ஆள் பிடிக்கிறவர்கள், அவர்களோடு போட்டி போடுவதே நியாயமில்லை" என்று பேசுகிறார்கள். இது உண்மையா? அங்கே சரிப்படாவிட்டால் திரும்பி வரலாமா? கல்லூரிக்கு எது நல்லது?

பதில்: சகோதரி, திரும்பி வரலாமா என்பதை நடுவில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டெக்சஸில் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. தனியார் பள்ளிகள் பலவும் 1978-இல் தொடங்கிய டாப்ஸ் அமைப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் டிஸ்ட்ரிக்ட் என்ற போட்டிக் குழு வேறு, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று வேறு, சாம்பியனும் வேறு. டாலஸ் ஜெசுயிட், ஹூஸ்டனில் உள்ள ஸ்ட்ரேக் ஜெசுயிட் ஆகிய தனியார் பள்ளிகள் யூஐஎல்லில் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்டவை. அவை மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளிகளோடு ஆடுபவை. நம் ஆறு பேர் ஆட்டத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளியும் அந்தத் தனியார் பள்ளியும் செப்டம்பரில் டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே ஓர் ஆட்டம் வைத்துக்கொள்ளலாமே தவிர, பட்டத்துக்காக மோதிக்கொள்ளப்போவதில்லை.

ஆனால் உங்கள் மகன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பினால் நிலைமை வேறு. வேறு பள்ளியில் விளையாடிவிட்டு யூஐஎல் பள்ளிக்கு வருகிற பையனுக்கு, முன்பு எங்கே விளையாடினான் என்று கேட்கும் படிவம் ஒன்று உண்டு. பெற்றோரும் நிரப்ப வேண்டும், பழைய பள்ளியின் கோச்சும் பதில் எழுத வேண்டும். விளையாட்டுக்காகப் பள்ளி மாறினானா என்பதுதான் அந்தப் படிவத்தின் உயிர். ஆம் என்று டிஸ்ட்ரிக்ட் நிர்வாகக் குழு முடிவுசெய்தால் குறைந்தது ஓராண்டு பள்ளியின் முதல் அணியான வார்சிட்டியில் ஆட முடியாது. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள், உங்கள் ஊர் டீமோடு அதே டிஸ்ட்ரிக்டில் மோதும் பள்ளிகளின் நிர்வாகத் தலைவர்களான சூப்பரின்டென்டென்ட்கள். மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குள் பாதி சீசன் ஓடிப்போயிருக்கும்.

இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் இது பெரிய இடி அல்ல. தடை வார்சிட்டிக்கு மட்டும்தான். பையன் அந்த வருடத்தை இரண்டாம் அணியான ஜேவி டீமில் ஆடிக் கழித்துவிடலாம். எழுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஜேவி ஏது? பன்னிரண்டு பையன்கள் சேர்ந்தால் அதுவே பெரிய டீம். அங்கே வார்சிட்டி இல்லை என்றால் ஆட்டமே இல்லை.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்த ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவன் நான். ஒரு சீசன் முழுக்க ஒரு பையன் சாதாரண உடையில் கோட்டோரம் நின்று தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த டீமில் அவனைவிட வேகமாக ஓடக்கூடியவன் யாரும் இல்லை. பள்ளி மாறிப் போய், பிடிக்காமல் சொந்த ஊருக்கே திரும்பியவன் அவன். பதினாறு வயதில் ஓர் இலையுதிர் காலம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

படிவத்தில் காரணத்தை மறைத்து எழுதச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொய் எழுதிப் பிடிபட்டால் பையனின் தடையோடு நிற்காது, அவன் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகளையும் டீம் இழக்க நேரும். ஃபுட்பாலுக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் மாற்றாதீர்கள். படிப்புக்காகவோ, வகுப்பறைச் சூழலுக்காகவோ, உங்கள் வேலை அந்த நகரத்துக்கு மாறுவதாலோ என்றால் மாற்றுங்கள்.

இனி ஊர்ப்பேச்சுக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான்.

இந்த ஆட்டம் பிறந்ததே சின்னப் பள்ளிகளுக்காக. பொருளாதார மந்தக் காலத்தில், பதினோரு பேர் டீம் வைக்க வசதியில்லாத நெப்ராஸ்கா கிராமத்துப் பள்ளிகளுக்காக ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் இதை வகுத்தார். முதல் ஆட்டம் 1934 செப்டம்பரில் ஹெப்ரான் என்ற ஊரில் நடந்து 19-19 என்று சமனில் முடிந்தது. மைதானம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். பந்தைத் தக்கவைக்க, வழக்கமான ஆட்டத்தில் நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் போதும், இங்கே 15. ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பாஸ் பிடிக்கலாம். அகன்ற வெளி, குறைந்த கால்கள். ஒருவனைத் தப்பவிட்டால் பின்னால் பிடிக்க ஆள் இருக்காது. அதனால்தான் இடைவேளையிலோ அதற்குப் பிறகோ 45 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுகிறோம். "ஃபார்ட்டி-ஃபைவ் ஆகிவிட்டார்கள்" என்று உங்கள் ஊரிலேயே சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பதினோரு பேரில் ஒரு அசாத்திய வேகக்காரன் இருந்தால் எதிரணி இரண்டு பேரை அவன்மேல் ஏவலாம். ஆறு பேரில் இரண்டு பேரை ஏவினால் மீதி நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். ஆகவே வெளியிலிருந்து வந்து சேரும் ஒரே ஒரு பையன் ஒரு டிஸ்ட்ரிக்டின் தலையெழுத்தையே மாற்றிவிடலாம். உங்கள் ஊர்க்காரர்களின் கோபம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. அவர்கள் பள்ளிக்கு வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குள் பிறந்த பிள்ளை ஓடுவானோ மாட்டானோ, அவனைச் சேர்த்தே ஆக வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளியிலும் எழுபது பிள்ளைகள்தான் இருக்கலாம். ஆனால் அந்த எழுபது பேர் ஒரு முழு நகரத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். எண்ணிக்கை ஒன்று, வந்த வழி வேறு. பணம் இருப்பதும் இல்லாததும் இதற்கு அடுத்தபடிதான்.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். டெக்சஸ் கிராமத்து அரசுப் பள்ளிகள் பலவும் கோட்டுக்கு வெளியே உள்ள பிள்ளைகளை இடமாற்றத்தில் சேர்த்துக்கொள்கின்றன. தலை எண்ணிக்கை குறைந்தால் மாநிலப் பணம் குறையும், பள்ளியே மூடப்படலாம் என்ற கவலை அவற்றுக்கு. ஒரு ஊர் திடீரென்று ஜெயிக்கத் தொடங்கினால், பக்கத்து ஊர்க்காரர்கள் "புதுசா வந்தவன் எத்தனை பேர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அரசுப் பள்ளிகளே ஒன்றை ஒன்று இப்படிப் பேசுவதை நான் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன்.

தனியார் பள்ளிகள் ஜெயிப்பதெல்லாம் ஆள் பிடித்துத்தான் என்பதும் சரியில்லை. அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் தனியாரும் அரசும் ஒரே பட்டத்துக்கு மோதுகின்றன. அயோவாவின் எட்டு பேர் ஆட்டத்தில் கில்பர்ட்வில் என்ற சின்ன ஊரின் டான் பாஸ்கோ பள்ளியும், நெப்ராஸ்காவின் சிறு டீம் பிரிவுகளில் ஃபால்ஸ் சிட்டியின் சேக்ரட் ஹார்ட் பள்ளியும் பலமுறை மாநிலப் பட்டம் வென்றவை. இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள், இரண்டும் பெருநகரத்தில் இல்லை. இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு பையன் சின்ன வயதிலிருந்தே அதே நண்பர்களோடு அதே ஆட்டமுறையைக் கற்று வளர்கிறான். கோச்சும் அடிக்கடி மாறாவிட்டால் அது பெரிய பலம். ஆள் பிடிப்பதால் மட்டும் அப்படி ஒரு டீம் அமையாது.

மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிகளைப் போட்டிப் பிரிவுகளில் வைக்கிறார்கள். தனியார், அரசு வித்தியாசத்தைச் சரிக்கட்ட மாநிலங்கள் எத்தனையோ வழி பார்த்துவிட்டன. சேர்க்கை எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை இல்லினாய் 1.65-ஆல் பெருக்கிப் பெரிய பிரிவுக்குத் தள்ளுகிறது. அலபாமா தனியார் பள்ளிகளுக்கு நீண்ட காலம் 1.35-ஆல் பெருக்கியது. இண்டியானா, தொடர்ந்து ஜெயிக்கும் பள்ளியை ஒரு பிரிவு மேலே ஏற்றுகிறது. எனக்கு இந்தப் பெருக்கல் கணக்கில் சிறு டீம்கள் விஷயத்தில் நம்பிக்கை இல்லை. யூஐஎல்லில் ஆறு பேர் ஆடத் தகுதி பெறும் உச்ச எண்ணிக்கை 104.9. அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை 1.35-ஆல் பெருக்கினால் 81, 1.65-ஆல் பெருக்கினாலும் 99. இரண்டுமே அதே வரம்புக்குள்தான். பெரிய பள்ளிகளுக்காக யோசித்த மருந்து சின்ன உடம்பில் வேலை செய்வதில்லை. ஜெயித்தால் மேலே ஏற்றும் முறையோ இன்னும் மோசம்: மூன்று அண்ணன்மார் பட்டம் வென்றுவிட்டுப் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள், தம்பிகள் அடி வாங்குவார்கள். மினசோட்டா செய்வதை நான் மதிக்கிறேன். அங்கே இலவச அல்லது சலுகை மதிய உணவு பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் 40 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் பள்ளியைப் பிரிவில் வைக்கிறார்கள். வறுமை ஒரு டீமை எப்படி மெலியவைக்கிறது என்பதை அந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது.

டெக்சஸ் தேர்ந்த வழி, இருவரையும் தனித்தனியே ஆடவிடுவது. சிறு பள்ளிகளுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

அந்த கோச்சின் அழைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பையனின் வீட்டுக்கு கோச் ஃபுட்பாலுக்காக அழைப்பு விடுப்பது லேசான விஷயம் இல்லை. 1997-இல் டென்னசியில் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கோச், தம் பள்ளியில் சேர ஏற்கெனவே ஒப்பந்தம் போட்ட எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். அந்த ஒரு கடிதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போனது. ஆள் பிடிப்பதைத் தடுக்கும் விதியைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அமல்படுத்தலாம் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. டாப்ஸிலும் ஆள் பிடிக்கத் தடை உண்டு. விளையாட்டுத் திறமையைக் காட்டிக் கட்டணச் சலுகை கொடுக்கவும் கூடாது. அதனால் கோச்சிடம் பேச்சை நீட்டாமல், பள்ளியின் சேர்க்கை அலுவலகத்திடம் பேசுங்கள். உதவித்தொகை என்று யாராவது சொன்னால், குடும்ப வருமானத்தை வைத்துத் தருவதா என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநிலமே பணம் தரும் சட்டத்தில் டெக்சஸ் ஆளுநர் 2025 மே மாதம் கையெழுத்திட்டார். 2026-27 கல்வியாண்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 10,000 டாலர் என்பது கணக்கு. அதற்கு விண்ணப்பிப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை.

கல்லூரியைப் பொறுத்தவரை ஆறு பேர் ஆட்டத்திலிருந்து மேலே போனவர்கள் உண்டு, ஆனால் மிகச் சிலர். டெக்சஸ் கிறிஸ்டோவலில் ஆறு பேர் ஃபுட்பால் ஆடிய ஜாக் பார்டி, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் வழியாகத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரை போய், பிறகு அந்த லீக்கின் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் டீமின் கோச்சாகவும் இருந்தார். அது வேறு காலம். இன்று கல்லூரி கோச்சுகளின் கண்ணில் படுவது ஆட்டக் காணொளியாலும், தடகளத்தில் ஓடிய நேரத்தாலும், கோடைகால முகாம்களாலும்தான். டீமின் பெயரால் அல்ல. மகனைக் கட்டாயம் தடகளத்திலும் சேருங்கள். நூறு மீட்டர் நேரம் எந்தப் பள்ளியில் ஓடினாலும் ஒரே அளவுகோல். அதைவிட முக்கியம், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷனில் ஆட அந்த அமைப்பு ஏற்ற 16 பாடங்கள் முடித்திருக்க வேண்டும். தனியார் பள்ளியின் பாடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று சேரும் முன்பே பாருங்கள். சில சிறு பள்ளிகளில் இதில் சிக்கல் வருவதுண்டு. அரசுப் பள்ளியிலோ ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே வந்தால் ஆட முடியாது என்ற விதி 1984-இலிருந்து இருக்கிறது. அதை மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இரண்டு பள்ளிகளிடமும் நான் கேட்பது: இப்போது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் எத்தனை பையன்கள்? உங்கள் மகன் பதினோராம் வகுப்பு வரும்போது டீமே இருக்குமா என்பது அதில் தெரிந்துவிடும். ஆட்கள் பத்துக்குக் கீழே இறங்கினால் ஒரே பையன் தாக்குதலிலும் தடுப்பிலும் இடைவெளியில்லாமல் ஆட வேண்டிவரும், காயம் பட்டாலும் உட்கார வைக்க மாட்டார்கள். ஆட்டங்களுக்குக் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் வருகிறாரா என்றும் கேளுங்கள். நர்ஸான உங்களுக்கு அந்தப் பதிலின் எடை என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், படிப்பு சம்பந்தமாக வலுவான காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அப்படியானால் என் பதில் ஊர்ப் பள்ளிதான். காரணம் இருந்து மாற்றுவதென்றால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே மாற்றுங்கள், நாலு ஆண்டும் அங்கேயே இருக்கும் எண்ணத்தோடு. எந்த முடிவுக்கும் முன்னால் ஊர்ப் பள்ளியின் அத்லெடிக் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: "இவன் ஓராண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பினால் வார்சிட்டி தகுதி என்னவாகும்?" பதில் எழுத்தில் வரட்டும், ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சி தொடங்குவதற்குள்.