அப்பாவை வரைந்தால் வேறு யாரோ வருகிறார்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாகப் பென்சிலில் முகம் வரைந்து பழகுகிறேன். கண், மூக்கு, உதடு எல்லாம் தனித்தனியாக நன்றாகவே வருகின்றன. ஆளின் சாயல்தான் பிடிபடவில்லை. போன வாரம் செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து அப்பாவை வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, யாரு இது?" என்றார். சாயல் பிடிப்பது பிறவி வரமா, பழகினால் வருமா?

எம்.

அன்புள்ள எம்.,

அம்மா "நல்லா இருக்கு" என்றாரே, அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகம் வந்துவிட்டது. அது அப்பாவாக வேண்டியதுதான் பாக்கி.

நான் அக்காவை முதன்முதலாக வரைந்தபோது வந்தது அத்தை. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அழித்தழித்து வரைந்தேன். இமைமுடியை ஒவ்வொன்றாக நட்டேன். அத்தை அசையவில்லை. கடைசியில் அளந்து பார்த்தால், மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. வயது ஏற ஏற நீளும் இடம் அது. உதட்டை அழித்து மேலே ஏற்றினேன், அக்கா வந்துவிட்டாள். கண்ணைத் தொடவே இல்லை.

தூரத்தில் நடந்து வரும் நண்பரை அடையாளம் காண்கிறோமே, அவர் கண்ணா அப்போது தெரிகிறது? 1973இல் லியோன் ஹார்மன் என்ற ஆய்வாளர் லிங்கனின் முகத்தைப் பெரிய பெரிய சாம்பல் கட்டங்களாக்கி வெளியிட்டார். கிட்டே பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கினால் லிங்கன்! நீங்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்குழி, மூக்கடி, தாடைக்கடி நிழல்களை ஒரே பூச்சாகப் போட்டுப் பாருங்கள். அந்த நிலையிலேயே அப்பாவின் ஜாடை தட்ட வேண்டும். தட்டாவிட்டால் மேலே போகாதீர்கள்.

உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண் என்பது பொதுக்கணக்கு. புதிதாக வரைகிறவர்கள் கண்ணை மேலே ஏற்றி மண்டையைச் சிறுக்கடித்துவிடுவார்கள் (நெற்றியில் வரைய ஒன்றுமில்லையே!). முகத்தின் அகலம் ஐந்து கண் என்பது இன்னொரு கணக்கு. இவற்றை அப்படியே போட்டால் யாரோ ஒருவர்தான் வருவார். உங்கள் அப்பா இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பாருங்கள். கேலிச்சித்திரக்காரர்கள் பிடித்து இழுப்பது அந்த விலகலைத்தான்.

செல்போன் படத்தின் மேலும் எனக்குச் சந்தேகம். கையெட்டும் தூரத்தில் எடுத்திருந்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒதுங்கியிருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, சிரிக்காத முகமாக எடுங்கள். பல்லெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரமா என்று கேட்டீர்கள். இரண்டு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க வரம் எதற்கு? அப்பாவையே திரும்ப வரையுங்கள், ஆளை மாற்றாதீர்கள். முடித்ததும் அம்மாவிடம் கையில் கொடுக்காமல், அறையின் மறுகோடியில் நின்று காட்டுங்கள்.