'கத்தமரானோ' நம்ம கட்டுமரம்தானா?

கேள்வி: எஸ்பெராந்தோ என்ற உருவாக்கப்பட்ட பொதுமொழியைப் படிக்கும் என் மகள் அகராதியில் 'கத்தமரானோ' என்ற சொல்லைப் பார்த்தாள். அது தமிழிலிருந்து நேரடியாகப் போனது என்று பள்ளிக் கட்டுரையில் எழுதலாமா? எங்கள் கரையில் கிடக்கும் மரத்தைச் சொல்ல அந்தச் சொல் போதுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தமிழிலிருந்து போனது என்று தாராளமாக எழுதட்டும். 'நேரடியாக' என்பதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

முதலில் கடைசி 'ஓ'வைக் கழற்றுங்கள். எஸ்பெராந்தோவில் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் அந்த விகுதிதான். மிஞ்சுவது 'கத்தமரான்'. நம் சொல் 'ம்'மில் முடிகிறது, இது 'ன்'னில். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் எல்லாவற்றிலும் இதே 'ன்'தான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவிய வடிவத்தைத்தான் எஸ்பெராந்தோ எடுத்தது என்பதற்கு அந்த ஒற்றே சாட்சி. எஸ்பெராந்தோவை உருவாக்கிய சமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலின் 16 விதிகளில் 15ஆவது இதற்கு இடம் தருகிறது: பல மொழிகள் ஒரே மூலத்திலிருந்து எடுத்த சொல்லை, எஸ்பெராந்தோ எழுத்துமுறைக்கு மாற்றி அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எஸ்பெராந்தோவில் 'காத்தா' என்றால் பூனைக்குரிய, 'மாரோ' என்றால் கடல், 'ஆனோ' என்றால் ஒன்றைச் சேர்ந்தவர். சொல்லை இப்படிப் பிரித்தால் 'பூனைக் கடல்காரர்' என்று வந்து நிற்கும்! பிரிக்கவே கூடாது, 'கத்தமரான்' முழுதும் ஒரே வேர். உச்சரிக்கும்போது அழுத்தம் 'ரா'வில் விழ வேண்டும்.

பொருள்தான் பெரிய சிக்கல். இன்று அந்தச் சொல்லைக் கேட்பவர் மனதில் வருவது, இரண்டு தனி உடல்களை இடைவெளி விட்டு இணைத்த படகு. குளச்சல் மரமோ, மூன்று நான்கு தடிகளை இடைவெளியில்லாமல் நெருக்கிக் கயிற்றால் வரிந்து கட்டியது. அலை மேலேறினாலும் தடிகளின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும். ஆகவே 'கட்டுமரம்' என்று நம் பெயரையே எழுதி, பக்கத்தில் 'ஃப்லோசோ எல் குன்லிகீதாய் த்ரூன்கோய்' என்று விளக்கம் சேர்க்கலாம்: சேர்த்துக் கட்டிய மரத்தடிகளாலான தெப்பம். 'லிக்' கட்டு, 'த்ரூன்க்' மரத்தடி.